வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

எங்கள் விடுதி முதலாளிக்கு மணல் ஆகாது. உப்புவெளிக் கடற்கரையில் விடுதியைக் கட்டி வைத்துக்கொண்டு மணல் ஆகாது என்று நிற்கிற மனிதருக்கு யார் என்ன சொல்ல முடியும்? வெள்ளைக்காரர்கள் கடலிலிருந்து நேரே வந்து, சப்பாத்துக் காலோடு முன் மண்டபத்து வெள்ளை மாபிளில் ஏறுவார்கள். நான் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கூட்டியபடி பின்னாலேயே போக வேண்டும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரும்படி ஆங்கிலத்தில் ஒரு பலகை ஏற்கெனவே இருந்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவரவர் மொழியில் எழுதினால் பார்ப்பார்கள் என்று முதலாளிக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. அவருக்கு ஒன்று தோன்றினால் அது என் வேலை.

அறை கூட்டுவதும் படுக்கை விரிப்பதும் காலைச் சாப்பாடு கொண்டுபோய் வைப்பதும் ஏற்கெனவே என் வேலைகள்தான். இப்போது ஒரு கொப்பியும் பேனையும் சேர்ந்தன. என் ஆங்கிலம் விடுதி ஆங்கிலம். துவாய், சுடுதண்ணீர், முட்டை, பஸ் வருகிற நேரம் என்ற அளவுக்கு ஓடும். அதைக்கொண்டு ஒவ்வொரு மேசையிலும் போய் நின்று, உங்கள் மொழியில் இதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். முட்டையை மறந்துவிட்டு அவர்கள் என் கொப்பிக்குள் குனிந்தார்கள்.

முதலில் எழுதியது ஒரு போர்த்துக்கல் தம்பதி. எழுதியதை அந்த மனிதர் வாசித்துக் காட்டினார். "சப்பாத்துஷ்" என்ற மாதிரிக் கேட்டது. நான் சிரித்துவிட்டேன். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம் என்று சொன்னபோது அவருக்கு வாய் மூடவில்லை. மனைவியைத் தட்டி, இங்கே பார், எங்கள் சொல்லை இவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றார். எடுத்தது நாங்கள் இல்லை, விட்டுவிட்டுப் போனது நீங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளியோடு சண்டை எதற்கு என்று தேநீரை ஊற்றிவிட்டு வந்தேன்.

விட்டுவிட்டுப் போன சப்பாத்தைப்பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. என் வாசலில் ஒரு சோடி பதினொரு வருடமாகக் கிடக்கிறது.

அது என் கணவருடையது. கலியாணப் பதிவுக்கென்று திருகோணமலைப் பட்டினத்தில் வாங்கிய கறுப்புத் தோல் சப்பாத்து. அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை பார்த்தவர். வேலைக்கு ரப்பர்ச் செருப்பு, கலியாணம் காட்சிக்குத்தான் சப்பாத்து. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போவது, கந்தோருக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறவர்கள் போடுவது, ஆமிக்காரன் போடுவது, இவைதான் சப்பாத்து. வீட்டில் போடுவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவர் ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். நடக்க வேண்டியிருக்கும், தோல் சப்பாத்து சரிவராது என்று ஏஜென்சிக்காரன் சொன்னானாம். ஓடுகிறவர்கள் போடுகிற மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, இதைத் துடைத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். திரும்பி வரும்போது போட வேண்டும், பூஞ்சணம் பிடிக்க விடாதே என்று எனக்குச் சொன்னார். நானும் ஓம் என்றேன். அந்த வயதில் எதற்கெல்லாம் ஓம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் என் கன்னத்திலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாங்கள் இருப்பது சீனன்குடாவுக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு ஒழுங்கையில். காணி அம்மா தந்தது. அம்மா செத்துப்போய்விட்டா. காணியில் நின்றது தகரக் கொட்டில். மேலே தகரம், சுவரும் பாதி தகரம். பின்னால் பற்றைக்காடு, அதற்கு அப்பால் பழைய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற தடைசெய்த பகுதி. முன்னால் ரோட்டு வேலை செய்கிறவர்கள், முகாமுக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள், யாரென்று தெரியாதவர்கள் எல்லாரும் போய் வருவார்கள். அவர் போய் ஒரு மாதம் ஆகவில்லை, தண்ணீர் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் எங்கள் வீட்டுத் தண்ணீர்தான் இனித்தது. குடித்து முடித்துவிட்டு செம்பைத் தராமல் நிற்பார்கள். அண்ணர் நிற்கிறாரோ, எங்கே போனவர், எப்போது வருவார் என்று கேட்பார்கள்.

எனக்கு வழி சொன்னவ பக்கத்து வளவு முஸ்லிம் அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கிண்ணியாவிலிருந்து கலியாணம் கட்டி வந்தவ. அவவுடைய மனிசன் அப்போது கட்டாரில். ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "புள்ள, ஒங்கட மனிசன்ட சப்பாத்த எடுத்து வாசல்ல வைங்க. நானும் அப்படித்தான் வெச்சிருக்கன்," என்றா. நான் அவவுடைய வாசலைப் பார்த்தேன். ஆம்பிளைச் செருப்பு ஒரு சோடி படிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவ்வளவு நாளும் எனக்கே அவவுடைய மனிசன் லீவில் வந்து நிற்கிறார் என்ற நினைப்பு.

அன்றைக்கே கட்டிலுக்குக் கீழே இருந்ததை எடுத்து வெளியே வைத்தேன்.

அதிலும் ஒரு தொழில் இருக்கிறது, சும்மா கொண்டுபோய் வைத்தால் போதாது. முனை வீட்டைப் பார்க்க இருந்தால் ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று கருத்து. முனை ரோட்டைப் பார்க்க இருந்தால் ஆள் வெளிக்கிடப் போகிறார். காலையில் ஒரு மாதிரி, பின்னேரம் ஒரு மாதிரித் திருப்ப வேண்டும். ஒரே இடத்தில் கிடந்தால் தூசி வட்டம் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். மழை பெய்த நாளில் கொஞ்சம் சேறு பூசி வைக்க வேண்டும். வெயில் நாளில் பொலிஷ் போட வேண்டும். கயிறு கட்டியபடி இருக்கக் கூடாது, கழற்றியவர் இழுத்துத் தளர்த்தின மாதிரி விட வேண்டும். ஒரு மனிசனுக்குச் செய்கிற பணிவிடையை அவர் இல்லாத இடத்தில் அவருடைய சப்பாத்துக்குச் செய்தேன். சாப்பாடு மட்டும்தான் போடவில்லை.

மகளையும் பழக்கினேன். இதை நான் எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். நான் வேலைக்குப் போகத் தொடங்கியபோது அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரம் வரை தனிய இருக்க வேண்டும். யாராவது வந்து வீட்டில் யார் என்று கேட்டால், அப்பா படுத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். கதவைத் திறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லும்போது தலையைக் குனியக் கூடாது. இதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஏழு வயதில் அதை என்ன வடிவாகச் சொன்னாள் தெரியுமோ! கேட்டால் எனக்கே உள்ளே ஒருவர் குறட்டை விடுகிறார் என்று தோன்றும்.

அவரோ ஒவ்வொரு நாட்டிலும் நின்று போனில் கோல் எடுத்தார். மொஸ்கோவில் குளிர் என்றார். அதற்கு அப்பால் ஏதோ காட்டுக்குள்ளால் நடக்க முழங்கால் வரைக்கும் வருகிற சப்பாத்து கொடுத்தார்கள், ஆனால் இரண்டும் இடதுகால் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு போனை வைத்துவிட்டு அழுதேன். இத்தாலியில் ஒரு அறைக்குள் பத்துப் பேரோடு கிடந்து பாணும் தண்ணீரும் சாப்பிட்டார். கடைசியாகப் பிரான்ஸ். அங்கே போன பிறகு கோல் கிழமைக்கு ஒன்றாகியது, மாதத்துக்கு ஒன்றாகியது, பிறகு பெருநாளுக்கும் வருசப்பிறப்புக்கும் மட்டும் என்றாகியது. அவருடைய சொந்தக்காரி ஒருத்தி திரியாயிலிருந்து வந்தபோது தன் போனில் ஒரு பிறந்தநாள் படம் காட்டினாள். கேக் வெட்டுகிற பையனுக்குப் பின்னால் இவர் நின்றார். பக்கத்தில் ஒரு பெண் இவருடைய தோளில் கை வைத்திருந்தாள். எனக்கு இது தெரியாது என்பது காட்டியவளுக்குத் தெரியாது. நான் படத்தைப் பெரிதாக்கி அவருடைய காலைப் பார்த்தேன். நல்ல சப்பாத்து.

அன்று பின்னேரமும் வாசலில் முனையை உள்ளே பார்க்கத் திருப்பி வைத்தேன். அவர் மோசக்காரர் என்பதற்காக ரோட்டில் போகிறவர்கள் நல்லவர்கள் ஆகிவிடுவார்களா?

இனி வீட்டுக் கதை. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குக் கல்வீடு என்று ஒரு திட்டம் வந்தது. என் பெயரும் பட்டியலில் ஏறியது. எத்தனை கூட்டம், எத்தனை போட்டோப் பிரதி, எத்தனை கையெழுத்து. கந்தோர் என்ற சொல்லை ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போனார்களாம், கதிரையைப் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போனார்களாம். கதிரையை விட்டு எழும்பாமல் நாளைக்கு வா என்று சொல்கிற பழக்கத்தை யார் விட்டுவிட்டுப் போனார்களோ தெரியாது. ஆனாலும் போனேன். மாரி மழைக்குத் தகரத்தில் எத்தனை ஓட்டை என்று எனக்கும் மகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அவளுடைய புத்தகப் பையை நாங்கள் பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் மூடி வைத்தோம். அவளுக்குப் பூட்டுப் போடக்கூடிய கதவோடு ஒரு அறை வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பட்டியலில் இருக்கிறவர்களை வந்து பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை. சொன்னால் ஆட்கள் புருசனை ஒளித்து வைத்துவிடுவார்களாம்.

அவர்கள் வந்த நாள் நான் உப்புவெளியில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மகள் மட்டும். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வந்தது ஒரு பெண் அலுவலரும் ஒரு ஆணும். எங்கள் நிலை தெரிந்த கிராம சேவகர் அவர்களோடு வரவில்லை. வாசலில் பொலிஷ் போட்ட ஆம்பிளைச் சப்பாத்து, முனை உள்ளே பார்த்தபடி, கயிறு தளர்ந்தபடி. முன்னுக்கு நின்றவர் ஆண். வீட்டில் யார் என்று கேட்டார். மகள் கதவைத் திறக்காமல், தலையைக் குனியாமல், அப்பா படுத்திருக்கிறார் என்று சொன்னாள். எழுப்ப ஏலுமோ என்று கேட்டார்களாம். எழுப்பினால் ஏசுவார் என்று இவள் சொன்னாளாம். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த பட்டியலை ஒட்டியபோது என் பெயர் இல்லை. ஏன் என்று கேட்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. கணவர் உடன் வசிக்கிறார், நேரில் உறுதி செய்யப்பட்டது என்று ஒரு வரி. வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்துக் கேட்டேன். கேட்டேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், நான் போட்ட சத்தத்தில் ராத்தா வேலிக்கு ஓடி வந்துவிட்டா. மூளை இல்லையா, ஆளைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மகள் அழவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு, "நீங்கள்தானே அம்மா சொல்லச் சொன்னனீங்கள்," என்றாள்.

நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அவள் அன்றைக்கும் அடுத்த நாளும் சாப்பிடவில்லை. என்னால்தான் வீடு போனது என்று அவள் மனதில் அன்றைக்கு ஏறியது. நான் பிறகு எத்தனை முறை இல்லை என்று சொல்லியும் இறங்கவில்லை.

ஒன்றரை வருடம் அலைய வைத்த பிறகுதான் மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். அதற்கு ஒரு படிவம். கணவரின் தற்போதைய வதிவிடம் என்று ஒரு கோடு. பிரான்ஸ் என்று எழுதினேன். பிரான்சில் எங்கே, அத்தாட்சி என்ன என்று அடுத்த கோடு கேட்டது. பதினொரு வருடம் இல்லாத மனிசனை இருக்கிறார் என்று காட்டப் பாடுபட்டவள், இப்போது இல்லாதவர் இல்லை என்று காட்டத் தாள் தேட வேண்டும். ஒழுங்கையில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டுப் போனேன். ராத்தா உடனே போட்டா. மற்ற வீடுகளில் இழுத்தார்கள். சப்பாத்துக் கிடக்கக் கண்டனாங்கள் பிள்ளை, பொய்க் கையெழுத்து எப்படிப் போடுகிறது என்று ஒரு மனிசி கேட்டா. நல்ல மனிசிதான். என்னுடைய வேலை அவ்வளவு திறம்.

அந்த நாட்களில்தான் விடுதிப் பலகையும் நடந்துகொண்டிருந்தது. காலையில் கொப்பியோடு மேசை மேசையாய்ப் போவேன், பின்னேரம் படிவத்தோடு வீடு வீடாய்ப் போவேன்.

ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை "ஸபாத்தோ" என்று எழுதினா. நாக்கைப் பல்லுக்குள் வைத்துச் சொல்ல வேண்டுமாம். போர்த்துக்கேயர் சொல்வதும் நாங்கள் சொல்வதும் இதுவும் ஒரே குடும்பம் என்று சொல்லி, போனில் தேடத் தொடங்கிவிட்டா. அவவுக்கு அது பெரிய பொழுதுபோக்கு. ஒரு வாரம் நின்றா, ஒவ்வொரு காலையும் எனக்கு ஒரு செய்தி வைத்திருந்தா. மற்ற மேசைகளையும் கூப்பிட்டுக் கேட்டா.

இத்தாலிப் பையன் ஒருவன் சொன்னான், தங்கள் ஊரில் வெளியே போடுவதற்கு வேறு சொல்லாம். "ச்சபாத்தா" என்றால் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு திரிகிற, குதிப்பக்கம் மிதிபட்டுத் தட்டையான பழைய செருப்பு. அந்தத் தட்டையைப் பார்த்து ஒரு பாணுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். நான் என்னவர் இத்தாலியில் சாப்பிட்ட பாணை நினைத்தேன். உக்ரைனிலிருந்து வந்த ஒரு பெண் தங்கள் பக்கத்தில் "ச்சோபொத்தி" என்று இருக்கிறது, அதுவும் இந்தக் குடும்பமாக இருக்கலாம் என்றாள். சேற்றிலும் பனியிலும் நடக்க முழங்கால் வரை போடுவது. அதைச் சொல்லும்போது தன் காலில் கையால் அளந்து காட்டினாள். அந்த இடம் எனக்கு ஏற்கெனவே தெரியும், இரண்டும் இடதுகால்.

பிரான்ஸ்காரி ஒருத்தி பலகைக்கு வேறு சொல்லைத்தான் எழுதினாள். ஆசிரியை விடவில்லை, "ஸவாத்" என்று உங்களிடம் இருக்கிறதே என்று கேட்டா. பிரான்ஸ்காரி சிரித்து, அதைப் பலகையில் எழுத முடியாது என்றாள். அது தேய்ந்து கிழிந்த பழஞ்சப்பாத்து. ஒருவன் வேலையைக் கேவலமாகச் செய்தால் ஸவாத் மாதிரிச் செய்கிறான் என்று ஏசுவார்களாம். காலால் உதைத்துச் சண்டை பிடிக்கிற விளையாட்டு ஒன்றுக்கும் அதே பெயராம். கையில்லாமல் காலால் உதைப்பது என்று விளங்கப்படுத்தினாள். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிரான்சிலிருந்து எப்படி உதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாள் ஆசிரியை எனக்கு முடிவு சொன்னா. இந்தச் சொல் முதலில் எங்கே பிறந்தது என்று ஒருவருக்கும் தெரியாதாம். ஒருவர் துருக்கி என்கிறார், ஒருவர் அரபு என்கிறார், இன்னொருவர் பாரசீகம் என்கிறார். பாஸ்க் மலைக்காரர் சொல் என்றும் ஒரு கதை. எதற்கும் உறுதியான சாட்சி இல்லை. அவ அதை ஏதோ கதையின் அழகான முடிவு மாதிரிச் சொல்லிக் கண்ணை விரித்தா. வயிறு நிறைந்தவர்களுக்கு, தெரியாது என்று சொல்வதும் ஒரு அழகு. பிரான்சில் எங்கே என்ற கோட்டில் நான் தெரியாது என்று எழுதிக் கொடுத்த படிவத்தை அன்றைக்குத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் திரியாய்க்காரியிடம் நம்பரை வாங்கி அவரைக் கூப்பிட்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். உடம்பு எப்படி என்று கேட்டார். என் உடம்பை விடுங்கள் என்று சொல்லி விசயத்தைச் சொன்னேன். நான் இன்ன நாட்டில் இருக்கிறேன், இவர்களோடு வசிக்கவில்லை என்று ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மகளுக்கு ஒரு அறை வரும் என்றும் சொன்னேன்.

"எழுதித் தரேலாது," என்றார். "இங்க நான் கலியாணம் கட்டாத ஆளெண்டுதான் பதிஞ்சு கிடக்கு. கடிதம் ஒண்டு வெளிய வந்தால் என்ர கதை முடிஞ்சுது."

நான் வைக்கப் போனேன். அப்போது அவர் கேட்டார், "அந்தத் தோல் சப்பாத்து இன்னும் கிடக்குதோ? நல்ல சாமான் அது. எறிஞ்சு போடாதை."

மகளைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சப்பாத்தைக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். இப்போது எத்தனையோ பதில் வருகிறது. பேருந்தில் போகும்போது வருகிறது, படுக்கை விரிக்கும்போது வருகிறது.

மேன்முறையீட்டு விசாரணைக்குக் கூப்பிட்ட நாள் சப்பாத்தை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அன்று வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போன அதே பெண் அலுவலர்தான் இருந்தா. கெட்ட மனிசி என்று நினைத்துக்கொண்டு போனேன், அப்படியும் இல்லை. எனக்குக் கதிரை காட்டினா. பிறகு, "நீங்களே சொல்லுங்கோ. வாசலில ஆம்பிளைச் சப்பாத்து. பிள்ளை அப்பா படுத்திருக்கிறார் எண்டு சொல்லுது. நான் என்னத்தை எழுதுறது?" என்று கேட்டா.

நான் பையைத் திறந்து இரண்டையும் அவவுடைய மேசையில் வைத்தேன். மேல்பக்கம் முகம் பார்க்கலாம், அப்படிப் பொலிஷ். கவிழ்த்துக் காட்டினேன். அடியில் அவர் கடைசியாக நடந்த தேய்வு மட்டும்தான், அதற்குப் பிறகு ஒரு கீறல் இல்லை. உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்தோல் காய்ந்து வெடித்து, ஒரு மூலையில் பூச்சிக் கூடு. பதினொரு வருடம் ஒரு கால் உள்ளே போகவில்லை என்று சொன்னேன். ஏன் வாசலில் வைத்தேன், எப்படித் திருப்பி வைப்பேன், மகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவ பேனையை மூடி வைத்துவிட்டா.

"நான் நம்புறன்," என்றா, என் தாள்கள் கட்டியிருந்த கோவையைத் தட்டிக்கொண்டு. "ஆனால் சப்பாத்தைக் கோவையில வைக்கேலாது."

தாள் வேண்டும். அவருடைய கடிதம், இல்லையென்றால் விவாகரத்துத் தீர்ப்பு, இல்லையென்றால் மரணப் பத்திரம். செத்திருந்தால் லேசு என்று அவ சொல்லவில்லை, நான்தான் நினைத்தேன். விவாகரத்து முடிந்து வரும்போது இந்தத் திட்டம் முடிந்திருக்கும் என்றும், என் இடத்துக்கு அடுத்த பெயர் ஏற்கெனவே போய்விட்டது என்றும் சொன்னா. அடுத்த பெயர் யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைப் போல ஒருத்தியாகத்தான் இருப்பாள், வாசலில் ஒன்றும் வைக்காமல் இருந்திருப்பாள். எழும்பி வரும்போது மேசையில் ஒட்டிய மணலை அவ கையால் தட்டிவிட்டதைக் கண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. வளவுக்குப் பின்னால் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பையோடு தூக்கி எறிந்தேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி யார் கேட்டாலும் அப்பா இல்லை என்று சொல், உண்மையைச் சொல், எங்களுக்கு ஒருவருடைய சப்பாத்தும் தேவையில்லை என்று சொன்னேன். சொல்லும்போது நல்லாத்தான் இருந்தது. ஏதோ பெரிய வேலை செய்து முடித்தவள் மாதிரிக் கை கழுவிவிட்டுத் தேநீர் போட்டேன். அவள் தேநீரை வாங்கிக்கொண்டு கிடங்குப் பக்கம் பார்த்தபடி நின்றாள். இப்போது பதினாலு வயது, பேசாமல் இருக்கப் பழகிவிட்டாள்.

விடுதியில் பலகை தயாராகி மாட்டினார்கள். ஏழு மொழி. முதலாளி நின்று படம் எடுத்தார். அன்றைக்கே ஒரு கூட்டம் சப்பாத்துக் காலோடு உள்ளே ஏறி, பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு மொழியாக வாசித்துச் சிரித்துவிட்டு அறைக்குப் போனது. நான் தும்புத்தடியை எடுத்தேன்.

நாலு நாள் கழித்து, பின்னேரம் பேருந்தால் இறங்கி ஒழுங்கைக்குள் வந்தபோது தூரத்திலேயே கண்டேன். வாசலில் சப்பாத்து கிடந்தது. கிட்டப் போனேன். கழுவித் துடைத்து, முனை உள்ளே பார்த்தபடி. கயிறு நான் விடுகிற மாதிரியே தளர்ந்து கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இவள் இன்னும் அந்த மனிசன் வருவார் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறாளா என்று நினைத்துக்கொண்டு கத்தத்தான் உள்ளே போனேன்.

அவள் குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு விறகுக் கட்டை சாத்தியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, நான் கேட்கும் முன்னமே சொன்னாள்.

"முந்தநாள் ஒராள் வந்து தண்ணி கேட்டவர். குடிச்சிட்டுச் செம்பைத் தராமல் நிண்டவர். இண்டைக்கும் வந்தவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"அப்பா படுத்திருக்கிறார் எண்டு சொன்னனான். சப்பாத்தைப் பார்த்திட்டுப் போயிட்டார்."

நான் அவள் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கி வைத்தேன். அலுமாரிக்குப் போய் லாச்சியை இழுத்துப் பொலிஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் இருந்தேன். இடது சப்பாத்தின் ஓரத்தில் கிடங்குச் சாம்பல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் கவனிக்கவில்லை. அதைத் துடைத்து, பொலிஷ் போட்டு, அவள் வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஒரே இடத்தில் கிடந்தால் வட்டம் விழுந்துவிடும் என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தேன்.